இரண்டு பழுது, ஒரு நொதி

தொடர் – 19

1961இல் ஃபிரான்சுவா ஜாக்கோபும் ஜாக் மோனோவும் ஆபரான் பற்றிய கட்டுரையை வெளியிட்டதைச் சென்ற பகுதியில் பார்த்தோம். மரபணுவை முடுக்கவும் நிறுத்தவும் ஓர் ஏற்பாடு செல்லுக்குள்ளேயே இருக்கிறது என்ற செய்தி எல்லோர் கவனத்தையும் இழுத்துக்கொண்டது. அந்த ஏற்பாட்டின்படி உருவாகும் நொதியான பீட்டா-கேலக்டோசிடேஸை யாரும் பெரிதாகக் கொண்டாடவில்லை. பாலில் உள்ள லாக்டோஸை குளுக்கோஸாகவும் கேலக்டோஸாகவும் வெட்டுவது அதன் தொழில். ஆய்வாளர்களுக்கோ அது ஆபரான் ஓடுகிறதா நிற்கிறதா என்று அளந்து பார்க்க உதவிய வசதியான புரதம். அதற்கு மேல் மரியாதை இல்லை.

இந்தப் பகுதியின் நாயகன் அந்த நொதிதான். அதிலும் நல்ல நிலையில் இருக்கும் நொதியல்ல. பிறழ்வு விழுந்து, துண்டாகி, செயலிழந்து கிடந்த அதன் வடிவங்கள்.

கதையைச் சற்றுப் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். 1950களின் நடுவில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் சீமோர் பென்சர் டி4 என்ற ஃபேஜ் வைரஸை வைத்து மரபணுவின் எல்லைகளை அளந்துகொண்டிருந்தார். கையில் இரண்டு பிறழ்வு வகைகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே வேலையைச் செய்யத் தவறுகின்றன. கெட்டிருப்பது ஒரே மரபணுவா, இரண்டு வெவ்வேறு மரபணுக்களா? இதற்கு அவர் வைத்திருந்த சோதனை எளிது. இரண்டையும் ஒரே செல்லுக்குள் விட வேண்டும். வேலை நடந்தால் வெவ்வேறு மரபணு, நடக்காவிட்டால் ஒரே மரபணு. கண் தெரியாதவர் தோளில் கால் முடியாதவர் ஏறிக்கொண்டு ஊர்போய்ச் சேர்ந்த கதையை நாம் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்ததால் பயணம் நடந்தது. இருவருக்குமே கால் முடியாதென்றால் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியதுதான். இந்தத் தர்க்கத்தை நம்பித்தான் சிஸ்ட்ரான் என்ற அலகை 1957இல் பென்சர் வகுத்தார்.

அதே 1957இல், கால் முடியாத இருவர் சேர்ந்து நடந்தார்கள்.

நடந்தது நியூரோஸ்போரா என்ற பூஞ்சையில். இரண்டு வகைப் பூஞ்சை இழைகள் ஒட்டிக்கொண்டால் இரண்டின் உட்கருக்களும் ஒரே சைட்டோபிளாசத்தில் குடியிருக்கும். பென்சர் சோதனைக்கு ஏற்ற உயிரி. இங்கிலாந்தில் ஜான் ஃபிஞ்சாமும் ஜான் பேட்மனும் குளுட்டமேட் டிஹைட்ரஜனேஸ் நொதி இல்லாத வகைகளை இப்படிச் சேர்த்தார்கள். எல்லாப் பிறழ்வுகளும் ஒரே மரபணுவுக்குள் விழுந்தவை. ஆனாலும் சில ஜோடிகளில் நொதி தலைகாட்டியது. அமெரிக்காவில் நார்மன் ஜைல்ஸ் குழு வேறொரு நொதியில் அதே ஆண்டு இதையே கண்டது. கிடைத்த நொதியின் அளவு இயல்பானதைவிட மிகக் குறைவு. ஆனால் பூஜ்யத்தோடு பூஜ்யத்தைக் கூட்டினால் ஏதோ ஒரு எண் வருகிறது என்பதே மரபியலாளர்களைச் சங்கடப்படுத்தப் போதுமானதாக இருந்தது. ஒரு மரபணுவுக்கு ஒரு நொதி என்ற பீடில்–டாட்டம் கணக்கும் ஆட்டம் காணும்போல் தோன்றியது.

விடை பாக்டீரியாவிலிருந்து வந்தது. அதற்கு முன் ஒரு தடையைத் தாண்ட வேண்டியிருந்தது. ஈ. கோலை போன்ற பாக்டீரியாவில் ஒவ்வொரு மரபணுவுக்கும் பொதுவாக ஒரே பிரதிதான். பிறகு இரண்டு பிறழ்வு வடிவங்களை ஒரே செல்லுக்குள் எப்படி வைப்பது? 1959இல் ஜாக்கோபும் எட்வர்ட் அடெல்பெர்க்கும் எஃப் என்ற இனப்பெருக்கக் காரணி சில சமயம் லாக்டோஸைக் கையாளும் லாக் மரபணுக்களையும் தன்னோடு தூக்கிக்கொண்டு வேறு பாக்டீரியாவுக்குள் போய்விடுவதைக் காட்டியிருந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு செல்லில் லாக் பகுதி மட்டும் இரண்டு பிரதியாக இருக்கும். சோதனைக்கு அது போதும்.

முதலில் தெளிவு பிறந்தது அல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ் என்ற நொதியில். எம்ஐடியில் சைரஸ் லெவிந்தாலும் மில்டன் ஷ்லெசிங்கரும் அதைக் கையாண்டார்கள். ஒரே மாதிரியான இரண்டு புரதச் சங்கிலிகள் ஜோடி சேர்ந்தால்தான் அந்த நொதி வேலை செய்யும். அமிலத்தில் போட்டால் ஜோடி பிரிந்துவிடும். அமிலத்தை நீக்கித் துத்தநாகம் சேர்த்தால் மறுபடி சேரும். 1963இல் அவர்கள் வெளியிட்ட சோதனை இன்று படித்தாலும் சுவையானது. இரண்டு பிறழ்வு பாக்டீரியாக்களிலிருந்து செயலற்ற புரதத்தைத் தனித்தனியே சுத்திகரித்து, அமிலத்தில் பிரித்து, இரண்டையும் கலந்து, பிறகு மீண்டும் ஜோடி சேர விட்டார்கள். நொதி உயிர்பெற்றது. அந்தக் குழாயில் செல் இல்லை, மரபணு இல்லை, புதிதாகப் புரதம் எதுவும் உருவாகவும் வழியில்லை. ஆகவே நடந்தது புரதங்களுக்கிடையே மட்டும்தான்: ஒரு வகைச் சங்கிலியும் மறு வகைச் சங்கிலியும் சேர்ந்த கலப்பு ஜோடிதான் அந்தச் செயலைத் தந்தது. அதே ஆண்டு ஆலன் கேரனும் சுசன் கேரனும் உயிருள்ள செல்லுக்குள்ளும் இந்த நொதியின் பிறழ்வுகள் இப்படி ஒன்றையொன்று ஈடுகட்டுவதைக் காட்டினார்கள்.

பென்சரின் தர்க்கம் எங்கே சறுக்கியது என்பது இப்போது புரிந்தது. மரபணு ஒன்றுதான். ஆனால் அதிலிருந்து வரும் புரதம் தனியாக வேலை செய்வதில்லை. தன்னைப் போன்ற இன்னொன்றோடோ மூன்றோடோ சேர்ந்து நிற்கிறது. இரண்டு பிரதிகளில் இரண்டு வெவ்வேறு இடங்களில் பழுது இருந்தால், சேரும்போது ஒன்றின் பழுதை மற்றொன்று தாங்கிப் பிடிக்க வாய்ப்பு உண்டு. பூஞ்சைகளில் நொதி ஏன் முழு அளவில் திரும்பவில்லை என்பதும் விளங்கியது. சம அளவில் கலந்த இரு வகைச் சங்கிலிகள் கைக்குக் கிடைத்ததோடு ஜோடி சேர்ந்தால் பாதிதான் கலப்பு ஜோடி. மீதிப் பாதி பழையபடி பழுதோடு பழுது.

1964இல் ஃபிரான்சிஸ் கிரிக்கும் லெஸ்லி ஆர்கெலும் இதைக் கோட்பாடாக எழுதினார்கள். பிறழ்வு பெரும்பாலும் சங்கிலியின் மடிப்பைக் கோணலாக்குகிறது. அந்த இடத்தில் நேராக இருக்கும் பக்கத்துச் சங்கிலி அதை நெருக்கிச் சரியான வடிவத்துக்குக் கொண்டுவருகிறது என்பது அவர்கள் வாதம். புரதங்களின் முப்பரிமாண அமைப்பு விரல்விட்டு எண்ணும் அளவுக்குக்கூடத் தெரியாத காலத்தில் எழுதிய கட்டுரை அது. பல நொதிகளுக்கு அது பொருந்தியது. ஆனால் பீட்டா-கேலக்டோசிடேஸ் வேறு மாதிரி நடந்துகொண்டது.

ஜாக்கோபும் மோனோவும் வேலை செய்த பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்துக்குத் திரும்புவோம். அங்கே டேவிட் பெரான், பீட்டா-கேலக்டோசிடேஸுக்கான லாக் இசட் மரபணுவின் பிறழ்வுகளை ஜோடி ஜோடியாகச் சேர்த்துப் பார்த்து, எவை ஈடுகட்டுகின்றன, எவை கட்டுவதில்லை என்று அட்டவணை போட்டிருந்தார். அந்த வேலையைப் பிடித்துக்கொண்டு மேலே போனவர் ஆக்னஸ் உல்மான்.

உல்மானைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஏனெனில் பாடநூல்கள் சொல்வதில்லை. 1927இல் ருமேனியாவின் சாத்து மாரே நகரில் பிறந்த ஹங்கேரியர். புடாபெஸ்டில் உயிர்வேதியியல் ஆய்வு செய்தவர். 1956 புரட்சி நசுக்கப்பட்ட பின் அங்கே இருக்க முடியாத நிலை. 1958இல் சிறிது காலம் பாரிஸ் வந்திருந்தபோது மோனோவிடம் உதவி கேட்டார். நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் தலைமறைவு எதிர்ப்பியக்கத்தில் வேலை செய்தவர் மோனோ. இந்த மாதிரிக் காரியங்களில் கைதேர்ந்தவர். திட்டங்கள் போட்டுக் கைவிட்டு, கடைசியில் 1960இல் உல்மானும் கணவர் தாமாஷ் எர்டோஷும் ஒரு கேரவன் வண்டியில் செய்திருந்த மறைவிடத்துக்குள் படுத்து எல்லையைத் தாண்டினார்கள். பிறகு உல்மானின் பணிவாழ்க்கை முழுக்க பாஸ்டர் நிறுவனத்தில்தான். உயிரின் இரண்டாவது ரகசியத்தைக் கண்டுவிட்டதாக 1961 இறுதியில் ஒரு மாலை மோனோ அறிவித்தது இவரிடம்தான். நொதிகளின் வடிவமாற்றம் பற்றிய அந்தக் கருத்தின் கதையை வேறொரு பகுதிக்கு வைத்துக்கொள்வோம்.

1965இல் உல்மான், பெரான், ஜாக்கோப், மோனோ நால்வர் பெயரில் வந்த கட்டுரை பிரெஞ்சில் எழுதப்பட்டது. சோதனையைக் கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். ஒரு பாக்டீரியாவில் லாக் இசட் மரபணுவின் பிற்பகுதி கெட்டிருக்கிறது. இன்னொன்றில் முற்பகுதி பறிபோயிருக்கிறது. இரண்டையும் தனித்தனியே வளர்த்து, செல்களை உடைத்து, சாறு எடுக்கிறார்கள். நொதி இருக்கிறதா என்று பார்க்க ஓஎன்பிஜி என்ற சேர்மம் உண்டு. அது நிறமற்றது, பீட்டா-கேலக்டோசிடேஸ் அதை வெட்டினால் மஞ்சளாகும். முதல் சாற்றில் விட்டால் மஞ்சள் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. இரண்டு சாறுகளையும் கலந்து சிறிது நேரம் வைத்த பிறகு விட்டால் மஞ்சள் ஏறுகிறது. எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை அளந்தால், எவ்வளவு துண்டுகள் சேர்ந்தன என்ற கணக்கும் கிடைத்துவிடும். இந்த அளவீட்டைக் கொண்டே சங்கிலியின் பின்முனைத் துண்டைச் சுத்திகரித்தார்கள். அதற்கு ஒமேகா என்று பெயரிட்டார்கள். மோனோ, ஜாக்கோப், ஆந்த்ரே லுவோஃப் மூவருக்கும் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

1967இல் சங்கிலியின் முன்முனைத் துண்டு வந்தது: ஆல்ஃபா.

இங்கே கிரிக்–ஆர்கெல் விளக்கம் போதவில்லை. கோணலாக மடிந்த முழுச் சங்கிலியைப் பக்கத்துச் சங்கிலி நிமிர்த்துவது வேறு. ஒரு சங்கிலியின் துண்டை வெளியிலிருந்து கொடுத்தால் அது போய் உரிய இடத்தில் உட்கார்ந்துகொள்வது வேறு. அதிலும் ஆல்ஃபா துண்டின் திடம் வியப்பூட்டியது. புரதத்தின் மடிப்புகளையெல்லாம் அவிழ்த்துவிடும் யூரியாவிலும் குவானிடினிலும் போட்டெடுத்தாலும் அது தன் வேலையைச் செய்தது. 1970இல் ஸ்டீவ் மாரிசனும் டேவிட் சிப்சரும் ஒரு படி மேலே போய் முழு நொதியையே ஆட்டோகிளேவில் வேகவைத்தார்கள். மருத்துவமனைக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் அந்தக் கொதிநிலையில் நொதி செத்துத்தான் போகும். ஆனால் வெந்த அந்தக் கலவையைப் பிறழ்வு பாக்டீரியாவின் சாற்றில் விட்டால் மஞ்சள் ஏறியது. சங்கிலி துண்டாகி, அதில் ஆல்ஃபாவின் வேலையைச் செய்யும் ஒரு துண்டு மிஞ்சியிருந்தது.

எது எதை நிரப்புகிறது என்ற கேள்விக்குத் துல்லியமான விடை லாஸ் ஏஞ்சலஸில் கிடைத்தது. அங்கே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இர்விங் ஜாபினும் ஆட்ரி ஃபவுலரும் நொதியின் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். 1021 என்று அவர்கள் கணக்கு வந்தது. 1983இல் மரபணுவின் வரிசையே படிக்கப்பட்டபோது அது 1023 என்று திருத்தப்பட்டது. ஆயிரத்துச் சொச்சத்தில் இரண்டு குறைந்தது பெரிய பிழையல்ல. புரதத்தை வேதியியல் முறையில் வெட்டி வெட்டிப் படித்த அந்த உழைப்பைப் பார்த்தால் வணங்கத்தான் தோன்றுகிறது. 1975இல் அக்குழு காட்டியது இது. ஆல்ஃபாவை ஏற்றுக்கொள்ளும் எம்15 என்ற பிறழ்வுப் புரதத்தில் 11 முதல் 41 வரையிலான 31 அமினோ அமிலங்கள் மட்டும் இல்லை. இயல்பான நொதியில் நான்கு சங்கிலிகள் சேர்ந்து நிற்கும். எம்15 இரண்டிரண்டாக மட்டுமே நிற்கிறது. 3 முதல் 92 வரையிலான துண்டைக் கொடுத்தால் இரண்டும் இரண்டும் சேர்ந்து நான்காகிறது, நொதி செயல்படுகிறது.

இந்த வேலைகளில் எதுவும் ஒரு கருவியை உருவாக்கும் நோக்கத்தில் செய்யப்படவில்லை என்பதை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. கருவியாக்கியவர் ஜெர்மனியின் யோவாகிம் மெஸ்ஸிங். மியூனிக் அருகே மார்ட்டின்ஸ்ரீடில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் எம்13 என்ற இழைவடிவ ஃபேஜில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஃபேஜுக்குள் வேற்று டிஎன்ஏவை நுழைத்தால், நுழைந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? லாக் இசட் முழுவதும் மூவாயிரம் எழுத்துக்கு மேல். சின்ன ஃபேஜில் அதை ஏற்றினால் சுமை. ஆல்ஃபா பகுதி மட்டும் சில நூறு எழுத்து. அதை ஃபேஜில் வைத்துவிட்டு, மீதி வேலைக்கு எம்15 புரதம் செய்யும் பாக்டீரியாவை வைத்தால் போதும். 1977இல் எம்13எம்பி1 பிறந்தது.

தட்டில் ஓஎன்பிஜிக்குப் பதில் எக்ஸ்-கால் ஊற்றினார்கள். நொதி அதை வெட்டியதும் காற்றுபட்டு, அவுரிச் சாயத்தின் நெருங்கிய உறவான ஒரு நீல நிறமி உருவாகும். அந்த நிறமி கரைந்து பரவாமல் அங்கேயே படிந்துவிடும். ஆல்ஃபா ஒழுங்காக இருக்கும் இடம் நீலம். நடுவே வேற்று டிஎன்ஏ புகுந்து ஆல்ஃபாவைக் கெடுத்த இடம் நிறமற்றது. ஆயிரம் புள்ளிகள் உள்ள தட்டில் வேண்டியது எது என்று வெறும் கண்ணால் பார்த்துக் குச்சியால் தொட்டெடுக்கலாம்.

ஒரு சிக்கல் மிஞ்சியது. டிஎன்ஏவை வெட்டிச் செருக, ஆல்ஃபா பகுதிக்குள் ஈகோ ஆர்1 என்ற வெட்டுநொதி அடையாளம் காணும் ஜிஏஏடிடிசி என்ற வரிசை வேண்டும். அது அங்கே இல்லை. ஆனால் ஐந்தாவது அமினோ அமிலத்தருகே ஜிஜிஏடிடிசி இருப்பதை மெஸ்ஸிங் கவனித்தார். ஒரே எழுத்துதான் வித்தியாசம். புரூனோ குரோனன்போர்னோடு சேர்ந்து ஃபேஜ் டிஎன்ஏவை ஒரு பிறழ்வூக்கி வேதிப்பொருளில் நனைத்து, அந்த ஒரு எழுத்து மாறியவற்றைத் தேடிப் பிடித்தார். ஐந்தாம் இடத்து அஸ்பார்ட்டேட் அஸ்பராஜினாக மாறியது. ஆல்ஃபா அதைப் பொருட்படுத்தவில்லை. தட்டு நீலமாகவே இருந்தது. 1982இல் ஜெஃப்ரி வியெராவோடு சேர்ந்து அதே உத்தியை அவர் பியுசி பிளாஸ்மிட்களுக்குக் கொண்டுவந்தார். எதற்கும் காப்புரிமை எடுக்காமல் கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தார். சாங்கரின் முறையில் டிஎன்ஏ வரிசையைப் படித்த ஆய்வகங்கள் பலவற்றுக்கு எம்13 நீண்ட காலம் தினசரிக் கருவியாக இருந்தது. இன்றும் உயிர்த்தொழில்நுட்ப மாணவர் செய்முறை வகுப்பில் நீலமும் வெள்ளையுமாகக் காலனிகளை எண்ணும்போது, ஒரு செல்லுக்குள் இரண்டு உடைந்த புரதங்கள் கூடுவதைத்தான் பார்க்கிறார்.

நொதிகள் ஏன் இப்படிக் கூடி ஈடுகட்டுகின்றன என்பதற்கு மிகத் தெளிவான கணக்கு பெர்க்லியில் கிடைத்தது. ஹோவர்ட் ஷாக்மனும் சூசன் வென்டேயும் 1987இல் அஸ்பார்ட்டேட் டிரான்ஸ்கார்பமோயிலேஸில் வேண்டுமென்றே இரண்டு பழுதுகளை உண்டாக்கினார்கள். ஒரு வகையில் 52ஆம் இடத்து செரினை மாற்றினார்கள். மற்றொன்றில் 84ஆம் இடத்து லைசினை. தனித்தனியே இரண்டும் ஏறத்தாழச் செத்தவை. இந்த நொதியில் மூன்று சங்கிலிகள் வட்டமாக நிற்கின்றன. வினை நடக்கும் மையம் இரண்டு சங்கிலிகளின் எல்லையில் இருக்கிறது. செரின் இந்தப் பக்கத்திலிருந்து, லைசின் அந்தப் பக்கத்திலிருந்து. இரு வகையும் கலந்த மூவர் வட்டத்தில், எப்படி அடுக்கினாலும் ஓர் எல்லையில் இரண்டு பழுதும் ஒன்றாக விழும், இன்னொரு எல்லையில் ஒரு பழுதுகூட இருக்காது. மூன்றில் ஒரு மையம் முழுநலத்தோடு வேலை செய்யும். சோதனை அந்தக் கணக்கை ஒட்டியே வந்தது.

பீட்டா-கேலக்டோசிடேஸின் உருவம் 1994இல்தான் வெளியானது. ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பிரையன் மாத்யூஸ் குழு படிகமாக்கி எக்ஸ் கதிரில் பார்த்தது. அங்கும் வினைமையத்தை நிறைவு செய்வது பக்கத்துச் சங்கிலியிலிருந்து நீளும் ஒரு மடிப்பு. சங்கிலியின் ஆரம்பப் பகுதி அந்த இணைப்பின் அருகே புகுந்து அதை உறுதிப்படுத்துகிறது. 31 அமினோ அமிலங்கள் போனால் இணைப்பு தளர்ந்து, நான்கு இரண்டாகி, மையங்கள் குறைபட்டு நிற்கும். ஆல்ஃபா துண்டு வந்தால் இணைப்பு திரும்பும். உல்மான் சாறுகளைக் கலந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்துக் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. இதற்கிடையே, 1986இல், இரத்தத்தில் டிகாக்சின் போன்ற மருந்துகளை அளக்கும் பரிசோதனை ஒன்றும் இதே இரு துண்டுகளை வைத்து வடிவமைக்கப்பட்டு விட்டது.

உல்மான் அதோடு நிற்கவில்லை. 1998இல், எழுபதைத் தாண்டிய வயதில், குசேல் கரிமோவா, ஜோசெட் பிடூ, டேனியல் லடான் ஆகியோரோடு அவர் பெயரும் ஒரு கட்டுரையில் வந்தது. இம்முறை எடுத்துக்கொண்டது கக்குவான் இருமல் பாக்டீரியாவின் அடினைலேட் சைக்ளேஸ். அதை டி25, டி18 என்று இரண்டாக வெட்டினார்கள். இவை ஆல்ஃபாவைப் போலத் தாமாகச் சேர்வதில்லை. அந்தக் குணம்தான் இங்கே வேண்டியிருந்தது. ஒரு துண்டோடு ஒரு புரதத்தையும், மறு துண்டோடு இன்னொரு புரதத்தையும் இணைத்து, சைக்ளேஸ் இல்லாத ஈ. கோலைக்குள் விடுவார்கள். அந்த இரு புரதங்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் துண்டுகள் அருகருகே வரும், நொதி செயல்படும், சைக்ளிக் ஏஎம்பி உருவாகும். சைக்ளிக் ஏஎம்பி வந்தால் லாக் ஆபரான் முடுக்கப்படும், பீட்டா-கேலக்டோசிடேஸ் பிறக்கும், எக்ஸ்-கால் தட்டில் காலனி நீலமாகும். சைக்ளிக் ஏஎம்பி ஈ. கோலையில் இப்படிப்பட்ட ஆபரான்களைத் தூண்டுவதை 1968இல் மோனோவோடு சேர்ந்து எழுதியவரும் உல்மான்தான்.

2005இல் கரிமோவாவும் லடானும் இந்த முறையைக் கொண்டு, ஈ. கோலை செல் இரண்டாகப் பிரியும்போது நடுவில் கூடும் புரதங்களில் எது எதைத் தொடுகிறது என்று வலைப்படம் வரைந்தார்கள். அந்தப் பிரிவு நடக்கும் விதம் அடுத்த பகுதியில்.